உக்கிரமா, சீற்றமா, ஆவேசமா? எந்த வேகத்துக்கு எந்தச் சொல்

மழை கொட்டினாலும் 'பயங்கரம்', திருவிழாவில் கூட்டம் நெரிந்தாலும் 'பயங்கரம்', பந்துவீச்சாளர் மூன்று விக்கெட் எடுத்தாலும் 'பயங்கரம்' என்றே எழுதிப் பழகிவிட்டோம். அடக்க முடியாத வேகத்தைச் சொல்லத் தமிழில் உக்கிரம், சீற்றம், ஆவேசம், ஆக்ரோஷம், மூர்க்கம், வெறி என்று வேண்டிய அளவுக்குச் சொற்கள் இருக்கின்றன. அகராதிகள் ஒன்றுக்கு இன்னொன்றைப் பொருளாகக் கொடுப்பதால் எதை எங்கே வேண்டுமானாலும் போடலாம் என்று தோன்றும். அப்படிப் போட்டால் வாக்கியம் எங்கோ உறுத்தும்.

இவற்றைப் பிரித்தறிய நான் சொல்லும் வழி எளிது: அந்த வேகம் எந்த வினைச்சொல்லோடு முடியும் என்று பாருங்கள். உக்கிரம் தணியும், சீற்றம் அடங்கும், வெறி தெளியும், காற்று ஓயும், வெள்ளம் வடியும். முடிவு தெரிந்துவிட்டால் அந்தச் சொல் எந்த வகை வேகத்துக்கு உரியது என்பதும் தெரிந்துவிடும்.

உக்கிரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதன் உள்ளே இருப்பது சூடு. அதனால்தான் வெயிலின் உக்கிரம், போரின் உக்கிரம், அம்மனின் உக்கிரம் என்றெல்லாம் இயல்பாக வருகிறது. திருவானைக்காவல் அகிலாண்டேஸ்வரி முன்பு உக்கிரமாக இருந்ததாகவும், ஆதிசங்கரர் தாடங்கம் என்னும் காதணியை அணிவித்து அந்த உக்கிரத்தைத் தணித்ததாகவும் கோயில் மரபு சொல்கிறது. அங்கே 'அடக்கினார்' என்று யாரும் சொல்வதில்லை, சாந்தப்படுத்தினார், தணித்தார் என்றுதான் சொல்கிறார்கள். சாந்தம்தான் இதற்கு எதிர்ச்சொல். இதே காரணத்தால் 'உக்கிரமான குளிர்' என்று படித்தால் எனக்கு ஒட்டுவதில்லை, குளிருக்குக் 'கடுங்குளிர்' போதும். உக்கிரப்பெருவழுதி என்று சங்ககாலப் பாண்டியன் ஒருவன் பெயரிலேயே இது இருக்கிறது, ஆகவே நேற்று வந்த சொல் என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஈழத்துச் செய்தி நடையில் 'உக்கிர மோதல்' என்பது மிகவும் பழகிய தொடர், கூடவே 'கடும் சமர்' என்பதும்.

சீற்றம் வேறு. 'சீறு' என்ற வினையிலிருந்து வந்தது, பாம்பு சீறும், பூனை சீறும். இதில் ஓசையும் இருக்கிறது, சட்டென்று எழும்பி முன்னால் பாயும் அசைவும் இருக்கிறது. கடலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. மீனவர்கள் கடலுக்குப் போகவில்லை என்ற செய்தியில் 'கடல் சீற்றம்' என்று இரண்டே சொல்லில் காரணம் முடிந்துவிடும். ஆனால் ஒரே இடத்தில் நின்று நாள் முழுக்கச் சுடும் வெயிலுக்குச் சீற்றம் பொருந்தாது, அது எங்கேயும் பாயவில்லையே.

ஆவேசம் என்பதற்கு உள்ளே புகுதல் என்று பொருள். சாமியாடுபவர் மீது தெய்வம் இறங்குவதும் ஆவேசம்தான். அதனால் உடலும் மனமும் உள்ளவர்களுக்கு வைத்துக்கொள்வது நல்லது: ஆவேசமாகப் பேசினார், ஆவேசம் வந்தவர் போல் ஓடினார். 'வெறி'க்கும் இப்படி ஒரு பழைய தொடர்பு உண்டு, சங்கப் பாடல்களில் முருகனின் பூசாரியான வேலன் ஆடுவது வெறியாட்டு. இன்றைக்கு அந்தப் பொருள் மங்கி, நிதானம் இழந்த வேகத்தைத்தான் வெறி என்கிறோம். மூர்க்கம் என்றால் எதிரே யார் என்று பார்க்காத பிடிவாத வேகம், விரட்டும் காட்டு யானைக்கும் சரி, கண்மூடித்தனமாக அடிக்கும் மனிதனுக்கும் சரி. ஆக்ரோஷத்தில் குரல் கேட்க வேண்டும். விளையாட்டுச் செய்திகளில் அது பாராட்டாகவே மாறிவிட்டது, அதையும் ஏற்றுக்கொள்ளலாம்.

அப்புறம், பேச்சிலிருந்து வரும் அடைமொழிகள். பேய்மழை, பேய்க்காற்று, அசுர வேகம், அசுர பலம், ராட்சத அலை. இவற்றில் ராட்சத என்பது முதலில் உருவத்தைச் சொல்கிறது, அசுர என்பது வலுவை, பேய் என்பது கட்டுப்பாடு இல்லாததை. 'ராட்சத வேகம்' என்று எழுதுவதைவிட 'அசுர வேகம்' என்று எழுதினால் காதுக்கு உடனே சரியாக இருக்கும்.

வானிலை பற்றி எழுதுகிறவர்கள் மட்டும் ஒரு விஷயத்தில் கறாராக இருக்க வேண்டும். அங்கே சில சொற்களுக்கு அளவு உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரிலிருந்து 115.5 வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதி கனமழை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது, அது அதி கனமழையின் எல்லையைப் போல நான்கு மடங்குக்கும் மேல். அழுத்தம் கூட்டுவதற்காக 'அதி கனமழை' என்று நீங்களாகப் போட்டால் படிப்பவர் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்வார், பள்ளிக்கு விடுமுறையா என்று விசாரிப்பார். உணர்ச்சியைச் சொல்ல வேண்டுமானால் 'பேய்மழை' என்று எழுதுங்கள், அதற்கு யாரும் அளவு கேட்கமாட்டார்கள். தீவிரப் புயல், அதி தீவிரப் புயல் ஆகியவையும் இதே கதைதான், காற்றின் வேகத்தை வைத்து வகுத்த பெயர்கள் அவை.

இன்னொன்றை மனதாரக் கேட்டுக்கொள்கிறேன். மனிதர்கள் செத்த இடத்தில் 'கோரத்தாண்டவம்', 'ருத்ரதாண்டவம்' வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது டெல்டாவில் லட்சக்கணக்கான தென்னைகள் சாய்ந்தன, பல குடும்பங்கள் பிழைப்பை இழந்தன. அதைப் 'புயல் கோரத்தாண்டவம் ஆடியது' என்று எழுதும்போது விழுந்த மரமும் தெரிவதில்லை, அதை வைத்துப் பிழைத்தவரும் தெரிவதில்லை. 'தென்னைகளை வேரோடு பிடுங்கிப் போட்டது' என்று எழுதிப் பாருங்கள். அடைமொழி ஒன்றுகூட இல்லை, வேகம் முழுக்க வினையிலேயே இருக்கிறது. கொட்டித் தீர்த்தது, வாரிச் சுருட்டியது, புரட்டிப் போட்டது, கரைபுரண்டு ஓடியது, சுழற்றி அடித்தது என்று இந்த மாதிரி இரட்டை வினைகள் நம்மிடம் ஏராளம். இவை வந்துவிட்டால் கூடவே 'மிகவும்', 'கடுமையாக' எதுவும் சேர்க்காதீர்கள், சேர்த்தால் வினையின் வலு குறையும்.

'கடும்' பயன்படுத்தினால் அடுத்த எழுத்தைப் பார்த்துச் சேர்த்து எழுதலாம்: கடுங்காற்று, கடுஞ்சினம், கடுந்தாகம், கடும்பகை. செய்தித் தலைப்பில் 'கடும் காற்று' என்று பிரித்து எழுதுகிறார்கள், அது புரியாமல் போகாது. ஆனால் கதையிலோ கட்டுரையிலோ எழுதும்போது சேர்த்தே எழுதுங்கள், வாய்விட்டுப் படித்தால் வித்தியாசம் தெரியும்.