அடைமழைக்கு முன்னால் அப்பாவுக்கு ஃப்ளூ ஊசி

அப்பாவுக்கு இப்போது 74 வயது, இருபது வருடமாகச் சர்க்கரை. 2022 ஐப்பசியில் சாதாரண சளி, காய்ச்சல் என்று நினைத்தோம். ஐந்தே நாளில் நிமோனியா. பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். சோதித்ததில் ஃப்ளூ என்று வந்தது. அதிலிருந்து ஆவணி பிறந்தால் எங்கள் வீட்டில் முதல் வேலை இந்த ஊசிதான்.

ஏன் ஆவணி? சென்னையில் வடகிழக்குப் பருவமழையோடு சேர்ந்து ஃப்ளூவும் கூடும். ஊசி போட்டபின் உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரம் வேண்டும். மழை பிடித்துக்கொண்ட பிறகும் போடலாம், தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள்.

அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது கிடையாது. அதனால் தனியார் கிளினிக்குக்கு முதலில் போன் போடுங்கள். மருந்து கையிருப்பில் இருக்கிறதா, விலை என்ன, எந்த வருடத்து மருந்து? கடைசிக் கேள்வி முக்கியம். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் எந்த வகைகளைச் சேர்க்க வேண்டும் என்று அறிவிக்கிறது. போன வருட ஊசி இந்த வருடத்துக்குப் போதாது.

கிளினிக்கின் ஃப்ரிட்ஜிலேயே மருந்து இருந்தால் நல்லது. முதல் வருடம் நான் மருந்துக்கடையில் வாங்கி, கைப்பையில் வைத்து, வெயிலில் ஒரு மணி நேரம் பஸ்ஸில் கொண்டுபோனேன். டாக்டர் பெட்டியைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போட மறுத்துவிட்டார். அவர் செய்தது சரி. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள்தான் இருக்க வேண்டும். உறைந்தாலும் கெட்டுவிடும், ஃப்ரீசரில் வைக்கவே கூடாது. கடையில்தான் வாங்கியாக வேண்டுமென்றால், ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி, பெட்டி ஐஸில் நேராகப் படாமல் வைத்து, நேரே டாக்டரிடம் போங்கள்.

அன்றைக்கு வழக்கம்போலச் சாப்பிட்டு, சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கொள்ளட்டும். அரைக்கைச் சட்டை வசதி, ஊசி மேல்கையில் போடுவார்கள். முன்பு ஏதாவது தடுப்பூசியில் கடுமையான ஒவ்வாமை வந்ததா, முட்டை ஒத்துக்கொள்ளாதா என்பதையெல்லாம் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். காய்ச்சல் அதிகமாக இருந்தால் தணிந்தபின் போகலாம். அப்பா ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர். அதை நாங்கள் நிறுத்துவதில்லை, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் பஞ்சை அழுத்திப் பிடிப்போம்.

அப்புறம் அரைமணி நேரம் அங்கேயே உட்காருங்கள். மூச்சுத் திணறலோ உதடு, முகம் வீங்குவதோ வந்தால் உடனே டாக்டரைக் கூப்பிட வேண்டும். கை வலியும் லேசான காய்ச்சலும் ஓரிரு நாளில் போய்விடும். ஊசியில் இருப்பது செயலிழந்த கிருமி, அதனால் ஊசியாலேயே ஃப்ளூ வந்துவிடாது.

அம்மாவும் நானும் அதே நாளில் போட்டுக்கொள்கிறோம், ஒரே வீட்டில் மூச்சுவிடுகிறவர்கள் இல்லையா. போன வருடம் தங்கை ஏழாம் மாதத்தில் போட்டுக்கொண்டாள். கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம். ஆறு மாதம் நிறையாத குழந்தைக்கு ஊசி கிடையாது, தாயிடமிருந்து போகும் எதிர்ப்பாற்றல்தான் அதற்குக் காவல். ஒன்பது வயதுக்குள் முதல்முறை போடும் பிள்ளைகளுக்கு நான்கு வார இடைவெளியில் இரண்டு ஊசி.

கிளம்பும்முன் தேதியையும் மருந்தின் பெயரையும் எழுதி வாங்குங்கள். எங்கள் சீட்டு அப்பாவின் சர்க்கரை ஃபைலில், முதல் பக்கத்தில் இருக்கிறது.