உங்கள் வீட்டு விளையாட்டு அலைவரிசை யாருடையது? தேடிக் கண்டுபிடிக்கும் வழி

2021 அக்டோபர் 1-ஆம் தேதி காலையில் கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் சித்தப்பா போன் செய்தார். "தம்பி, நேத்துவரைக்கும் ஓடிக்கிட்டிருந்த பாக்ஸ் ஸ்போர்ட்ஸ் எங்கப்பா? யாரு மூடினது?" டிஸ்னி மூடிவிட்டது என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. "கார்ட்டூன் எடுக்குறவனுக்கும் பந்துக்கும் என்ன சம்பந்தம்? இது ஈஎஸ்பிஎன்னா இருந்ததுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குச் சரியான பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் பிடித்தது. மாதாமாதம் வெள்ளி கட்டிப் பார்க்கிற ஒன்று யாருடையது என்று தெரிந்துகொள்வது நம் உரிமை. அதனால் தேடிய வழியை அப்படியே எழுதுகிறேன். நீங்கள் வேறு எந்த அலைவரிசைக்கும் இதையே செய்து பார்க்கலாம்.

முதலில் கேள்வியைப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையை எடுத்துக்கொண்டால், பெயர்ப்பலகை ஒருவருடையதாக இருக்கும், கடையை நடத்துகிறவர் இன்னொருவர், கட்டடம் மூன்றாம் ஆளுடையது. அலைவரிசையும் அப்படித்தான். திரை மூலையில் இருக்கிற சின்னம் யாருடையது, அலைவரிசையை நடத்துகிற நிறுவனம் எது, அதை உங்கள் வீட்டு டிகோடருக்குக் கொண்டுவருவது யார், அந்த ஆட்டத்தைக் காட்டும் உரிமை யாரிடமிருந்து வந்தது என்று நான்கு கேள்விகள் இருக்கின்றன. நான்கையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பதில் எப்போதும் தப்பாகத்தான் வரும். பிரீமியர் லீக் காற்பந்தையே பாருங்கள். அந்த உரிமையின் சொந்தக்காரர் பிரீமியர் லீக் என்ற நிறுவனம், அதன் பங்குதாரர்கள் அதில் ஆடும் 20 குழுக்கள். நம் ஊர் நிறுவனம் சில பருவங்களுக்கு மட்டும் அந்த உரிமையை வாங்கிக் காட்டுகிறது. உரிமை கைமாறினாலும் அலைவரிசை அதே ஆளிடம் இருக்கலாம், அலைவரிசை கைமாறினாலும் உரிமை அப்படியே தொடரலாம்.

அப்புறம் ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, இடது பக்கம் ஆண்டு, நடுவில் அப்போதைய பெயர், வலது பக்கம் அப்போதைய உரிமையாளர் என்று மூன்று கட்டம் போடுங்கள். தேதி இல்லாத எந்தத் தகவலையும் அதில் ஏற்றாதீர்கள். சித்தப்பா கேட்ட அலைவரிசைக்கு நான் போட்ட கட்டம் இப்படி வந்தது.

1991-இல் ஹாங்காங்கில் ஸ்டார் டிவி தொடங்கியபோது அதன் விளையாட்டு அலைவரிசையின் பெயர் பிரைம் ஸ்போர்ட்ஸ். ஸ்டார் அப்போது ஹாங்காங் செல்வந்தர் லி கா-ஷிங் குடும்பமும் அவர்களுடைய ஹட்சிசன் வாம்போவா நிறுவனமும் சேர்ந்து நடத்தியது. 1993 ஜூலையில் ஊடக முதலாளி ரூப்பர்ட் மர்டாக்கின் நியூஸ் கார்ப்பரேஷன் ஸ்டாரின் 63.6 விழுக்காட்டை 52.5 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. மீதி 36.4 விழுக்காடும் 1995-இல் அவர்களிடமே போய்விட்டது. 1996-இல் பிரைம் ஸ்போர்ட்ஸ் என்ற பெயர் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் ஆனது. அதே ஆண்டு, அதுவரை ஆசியாவில் எதிரெதிராக நின்ற அமெரிக்க விளையாட்டு நிறுவனமான ஈஎஸ்பிஎன்னும் ஸ்டாரும் ஆளுக்குப் பாதி என்று கைகோத்து, சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் என்ற கூட்டு நிறுவனத்தை உண்டாக்கின. நம்மில் பலர் சின்ன வயதில் பார்த்த காற்பந்தும் கிரிக்கெட்டும் அந்த வீட்டிலிருந்து வந்தவைதான்.

இங்கே ஒரு படி உள்ளே போக வேண்டும், பலர் இந்த இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். ஈஎஸ்பிஎன் பாதிக்குச் சொந்தம் என்றால், ஈஎஸ்பிஎன் யாருக்குச் சொந்தம்? அப்போது 80 விழுக்காடு டிஸ்னி, 20 விழுக்காடு ஹர்ஸ்ட் என்ற ஊடக நிறுவனம். 1996-இல் கேப்பிட்டல் சிட்டீஸ் ஏபிசி நிறுவனத்தை டிஸ்னி வாங்கியபோது கூடவே வந்தது அந்த 80. ஆக, டிஸ்னி அப்போதே சித்தப்பா வீட்டு வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தது, பெயர்தான் வெளியே தெரியவில்லை.

2012 ஜூனில் நியூஸ் கார்ப்பரேஷன், ஈஎஸ்பிஎன்னின் பாதியையும் வாங்கிக்கொள்வதாக அறிவித்தது. நவம்பரில் வேலை முடிந்தது, விலை சுமார் 22 கோடி டாலர். 2013 ஜனவரியில் ஈஎஸ்பிஎன் சின்னம் போய் பாக்ஸ் ஸ்போர்ட்ஸ் வந்தது, 2014-இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் நம் பக்கத்தில் பாக்ஸ் ஸ்போர்ட்ஸ் 2 ஆனது. 2019 மார்ச் 20-ஆம் தேதி டிஸ்னி, 21ஆம் செஞ்சுரி பாக்ஸ் நிறுவனத்தை (பழைய நியூஸ் கார்ப்பரேஷனுக்கு 2013-இல் வந்த பெயர்) வாங்கி முடித்தது. 2012-இல் கையில் இருந்த பாதியை விற்றுவிட்டுப் போன அதே டிஸ்னி, ஏழு ஆண்டு கழித்து முழுசாகத் திரும்பி வந்தது. இரண்டே ஆண்டில், 2021-இல், தென்கிழக்கு ஆசியாவில் 18 அலைவரிசைகளை மூடும் முடிவை அறிவித்தது, அதில் மூன்று பாக்ஸ் ஸ்போர்ட்ஸும் அடக்கம். பணம் இனி இணையவழி ஓடைக்குத்தான் (ஸ்ட்ரீமிங்) என்று முடிவு செய்துவிட்டார்கள். 30 ஆண்டு ஓடிய ஒன்று அப்படி நின்றது, எனக்கு இன்னும் வருத்தம்தான்.

இதெல்லாம் எங்கே கிடைக்கும் என்றால், அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கிற நிறுவனங்கள் ஆண்டுதோறும் அரசிடம் தாக்கல் செய்யும் அறிக்கைகளில். எட்கர் என்ற அரசு இணையதளத்தில் 1990-களின் நடுவிலிருந்து இலவசமாகப் படிக்கலாம். அந்தக் கால டிஸ்னி அறிக்கையைத் திறந்து ஈஎஸ்பிஎன் என்று தேடினால் 80 விழுக்காடு உடனே வந்துவிடும். சிங்கப்பூர் நிறுவனம் என்றால் அங்குள்ள பதிவு ஆணையமான அக்ராவின் பிஸ்பைல் தளம், ஹாங்காங் என்றால் அங்குள்ள நிறுவனப் பதிவகம். இவற்றில் விவர அறிக்கை எடுக்கக் கட்டணம் உண்டு.

நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் நடத்தப்படும் அலைவரிசை என்றால் மூன்று இடம் போதும். தொடர்பு, பல்லூடக ஆணையமான எம்சிஎம்சியின் இணையதளத்தில் உரிமம் பெற்றவர்களின் பதிவேடு இருக்கிறது, அதில் சட்டப்பூர்வப் பெயர் கிடைக்கும். அந்தப் பெயரை நிறுவன ஆணையமான எஸ்எஸ்எம்மில் கொடுத்துக் கட்டணம் கட்டினால் இயக்குநர்கள், பங்குதாரர்கள் விவரம் வரும். நிறுவனம் பங்குச் சந்தையான புர்சா மலேசியாவில் பட்டியலிடப்பட்டிருந்தால் ஆண்டறிக்கை இலவசம். பதிவு எண்ணைப் பார்க்கும்போது ஒரு சின்ன வித்தை: 2019-இல் வந்த புதிய 12 இலக்க எண்ணின் முதல் நான்கு இலக்கம் நிறுவனம் பதிவான ஆண்டு. கட்டணத் தொலைக்காட்சி நடத்தும் ஆஸ்ட்ரோ மலேசியா ஹோல்டிங்ஸ் எண் 2011 என்று தொடங்கும். ஆனால் மியாசாட்-1 துணைக்கோளம் 1996 ஜனவரியில் ஏவப்பட்டு, அதே ஆண்டு ஆஸ்ட்ரோ ஒளிபரப்பத் தொடங்கிவிட்டது. ஏன் இந்த இடைவெளி? பழைய நிறுவனம் 2003-இல் பங்குச் சந்தைக்கு வந்து, 2010-இல் தனியார் கைக்குத் திரும்பி, 2012 அக்டோபரில் புதிய நிறுவனமாக மறுபடி பட்டியலுக்கு வந்தது. இதைக் கவனிக்காவிட்டால் உங்கள் நோட்டில் 15 ஆண்டு வரலாறு காணாமல் போய்விடும்.

ஆண்டறிக்கையில் நேராகக் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். "பெரும் பங்குதாரர்கள்" என்ற பட்டியல் இருக்கும், 5 விழுக்காடும் அதற்கு மேலும் வைத்திருப்பவர்களை அதில் காட்டியே ஆக வேண்டும். நேரடிப் பங்கு ஒரு பத்தியிலும், வேறு நிறுவனங்கள் வழியாக இருப்பதாகக் கருதப்படும் பங்கு இன்னொரு பத்தியிலும் இருக்கும். பெயருக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் எண்கள் தொங்கும், கீழே அடிக்குறிப்புகள் இருக்கும். விஷயம் முழுக்க அங்கேதான். ஆஸ்ட்ரோவின் அறிக்கையை முதல் தடவை அச்செடுத்து சாப்பாட்டு மேசையில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டேன். ஆல் ஏசியா மீடியா ஈக்விட்டீஸ் என்ற பெயரிலிருந்து ஒரு கோடு உசாகா தெகாஸ் என்ற நிறுவனத்துக்குப் போனது. அங்கிருந்து பசிபிக் ஸ்டேட்ஸ், அங்கிருந்து எக்ஸ்கார்ப், கடைசியில் பான்ஓஷன் என்ற அறங்காவல் நிறுவனத்தில் போய் நின்றது. பயனடைவோர் ஆனந்த கிருஷ்ணனின் குடும்பத்தாரும் அறக்கட்டளைகளும் என்று அடிக்குறிப்பு சொன்னது. தனியே இன்னொரு வரியில் பந்தாய் சாயா பூலான் வென்ச்சர்ஸ் என்று ஒரு பெயர், ஏதோ கடற்கரை விடுதி மாதிரி இருந்தது, கோட்டைப் பிடித்துப் போனால் அரசாங்கத்தின் முதலீட்டு நிறுவனமான கசானா நேஷனல்! சுமார் ஐந்தில் ஒரு பங்கு.

பிரிக்பீல்ட்ஸில் பிறந்து, விவேகானந்தா தமிழ்ப்பள்ளியில் படித்த ஆனந்த கிருஷ்ணன் கட்டியது இந்த நிறுவனம் என்பதை நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று நினைப்பவன் நான். அவர் 2024 நவம்பர் 28-இல் மறைந்தார். அதற்கு முந்தைய அறிக்கையை வைத்துக்கொண்டு இன்றைய உரிமையைச் சொல்லாதீர்கள், பின்னால் வந்த புர்சா அறிவிப்புகளைத் தேதிவாரியாகப் பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும்.

பெயரை மட்டும் நம்பினால் எப்படி வழுக்கும் என்பதற்கு பாக்ஸ் ஸ்போர்ட்ஸே போதும். 2020-இல் அமெரிக்காவில் அந்தப் பெயர் மர்டாக்கின் பாக்ஸ் கார்ப்பரேஷனிடம், ஆசியாவில் டிஸ்னியிடம், ஆஸ்திரேலியாவில் பாக்ஸ்டெல் என்ற கட்டணத் தொலைக்காட்சி நிறுவனத்திடம் இருந்தது. மூன்றும் ஒரே சின்னம் மாதிரித்தான் தெரியும். நியூஸ் கார்ப் என்ற பெயரும் அப்படி: 2013-இல் பழைய நிறுவனம் 21ஆம் செஞ்சுரி பாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டது, பத்திரிகைகளைப் பிரித்தெடுத்துப் புதிதாக வைத்த நிறுவனம் நியூஸ் கார்ப் என்ற பெயரை எடுத்துக்கொண்டது. ஆண்டைப் பார்க்காமல் படித்தால் தலை சுற்றும்.

பழைய காலத்துக்கு ஆதாரம் வேண்டும் என்றால் வீட்டையே தேடுங்கள். அத்தை பீரோவில் சேலைகளுக்கு அடியில் விரித்திருந்த ஒரு பழைய தமிழ் நேசன் தாளில் தொலைக்காட்சி நிரல் இருந்தது. பாச்சை உருண்டை வாசனை, ஓரம் பழுப்பு, ஆனால் மேலே தேதி பளிச்சென்று. ஈஎஸ்பிஎன்னும் ஸ்டார் ஸ்போர்ட்ஸும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில். அந்தத் தேதியில் இரண்டும் இங்கே ஓடின என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பெரியவர்களிடம் கேட்கும்போது ஆண்டைக் கேட்காதீர்கள், ஆட்டத்தைக் கேளுங்கள். "98 காமன்வெல்த் போட்டிக்கு முன்னாடியா, பின்னாடியா?" என்றால் உடனே சொல்வார்கள். சொன்னதைத் தாளோடு ஒப்பிட்டுவிட்டு நோட்டில் ஏற்றுங்கள்.

தமிழ் வர்ணனையோடு கிரிக்கெட் பார்க்கிறவர்கள் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழைத் தேடுவார்கள். 2017-இல் இந்தியாவில் தொடங்கியது அது. 2019-இல் டிஸ்னியிடம் போனது. 2024 நவம்பர் 14-ஆம் தேதி ரிலையன்ஸ் குழுமத்தின் வயாகாம்18-உடன் இணைந்து ஜியோஸ்டார் ஆனது. அப்போது அதில் டிஸ்னிக்கு 36.84 விழுக்காடு, ரிலையன்ஸுக்கு நேரடியாக 16.34, வயாகாம்18-க்கு 46.82. அந்த 16.34-ஐ மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தினால் ரிலையன்ஸின் பிடி சின்னதாகத் தெரியும். வயாகாம்18-ஐக் கையில் வைத்திருப்பது யார் என்று இன்னொரு கோடு போடுங்கள். சித்தப்பா இப்போது அந்த நோட்டை டிவி மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறார், போன மாதம் போனபோது பென்சில் கோடுகள் அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தன.