மழை நாளிலும் பாடம் போய்ச் சேர: போனில் குரல் பாடம் செய்யும் முறை

மாரி மழை பிடித்தால் மட்டக்களப்பு மாவட்டத்தின் கிரான் புலிபாய்ந்தகல் வீதியில் வெள்ளம் ஏறிவிடும். அதற்கு அப்பால் உள்ள ஊர்களில் வகுப்பு எடுப்பவர்கள் தோணியைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வீட்டில் இருந்தே படிப்பது பற்றி எல்லோரும் பேசினோம். பாடசாலைகள் திறந்ததும் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பிள்ளைகளுக்கோ மழைக்காலம் வந்தால் வகுப்பு தடைப்படுவது வழக்கமாகிவிட்டது. மாலை வகுப்பு, முன்பள்ளி, அறநெறி, அஹதிய்யா (முஸ்லிம் பிள்ளைகளின் சமய வகுப்பு), மாதர் சங்கத் தையல் வகுப்பு என்று எதை நடத்துபவராக இருந்தாலும் சரி, உங்களிடம் ஒரு சாதாரண ஸ்மார்ட் போன் இருந்தால் தொடங்கலாம்.

வீடியோ இப்போதைக்கு வேண்டாம். ஒரு நிமிட வீடியோ பல மெகாபைட் இழுக்கும். ஒரு நிமிட வட்ஸ்அப் குரல் பதிவுக்கு ஒரு மெகாபைட்டே தேவைப்படாது. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் ரீலோட் போடுவதும் ஒரு செலவுதான். அந்தச் செலவை நாம் கூட்டக் கூடாது.

படி 1: போன் யாருடையது என்று கேளுங்கள்

பிள்ளையிடம் போன் இருக்கிறதா என்று கேட்டால் "இருக்கு" என்றுதான் பதில் வரும். அந்தப் போன் பெரும்பாலும் அப்பாவுடன் வயல் வட்டைக்குப் போய், பொழுதுபட்ட பிறகுதான் வீட்டுக்கு வரும். அதனால் ஒரு கொப்பியில் நான்கு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: பிள்ளையின் பெயர், போன் யாருடையது, அது எத்தனை மணிக்கு வீட்டில் இருக்கும், ஸ்மார்ட் போனா பட்டன் போனா. பாடம் அனுப்பும் நேரத்தை இந்தக் கொப்பியைப் பார்த்து முடிவெடுங்கள்.

படி 2: பாடத்தைத் தாளில் எழுதுங்கள்

ஒரு பதிவில் ஒரே ஒரு விஷயம். மூன்று, நான்கு நிமிடத்துக்கு மேல் போக வேண்டாம். குரல் பாடத்தில் பிள்ளையின் கைக்கு ஒரு வேலை கொடுப்பதுதான் முக்கியம். வெறுமனே விளக்கிக்கொண்டே போனால் ஒரு நிமிடத்திலேயே கவனம் சிதறிவிடும்.

பின்னம் படிப்பிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இப்படிச் சொல்லலாம்: "பழைய கொப்பித்தாள் ஒண்டு எடுங்கோ. நடுவால மடியுங்கோ. இன்னொருக்கா மடியுங்கோ. இப்ப விரிச்சுப் பாருங்கோ, எத்தனை பெட்டி தெரியுது? அதில மூண்டு பெட்டிக்கு நிறம் தீட்டுங்கோ. இதை நிப்பாட்டிப்போட்டுச் செய்யுங்கோ, பிறகு திரும்பப் போடுங்கோ." அடுத்து நாலில் மூன்று என்பதை விளக்கிவிட்டு, ஒரு மூடை நெல்லில் முக்கால் பங்கை விற்றால் மிச்சம் எத்தனை பங்கு என்று கேளுங்கள். பாடத்துக்கு வேண்டிய பொருள் எல்லாம் எந்த வீட்டிலும் இருக்கக்கூடியதாக இருக்கட்டும். கத்தரிக்கோல், கலர் பேப்பர் என்று கேட்டால் இல்லாத வீட்டுப் பிள்ளை அங்கேயே விட்டுவிடும்.

எழுதியதை அப்படியே வாசிக்காதீர்கள். குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வகுப்பில் பேசுகிற மாதிரியே ஊர்ப் பேச்சில் பேசுங்கள்.

படி 3: பதிவு செய்யுங்கள்

போனில் ஏற்கெனவே இருக்கும் குரல் பதிவுச் செயலியே போதும். வட்ஸ்அப்பிலும் நேராகப் பதியலாம். மைக் பட்டனை அழுத்தியபடி மேலே தள்ளினால் பூட்டிக்கொள்ளும், விரலை எடுத்துவிட்டுப் பேசலாம். ஆனாலும் செயலியில் பதிவது நல்லது என்பேன். பதிவுக்குப் பெயர் வைத்துச் சேமித்தால் அடுத்த வருடமும் உதவும்.

மின்விசிறியை நிறுத்துங்கள். சாமான் குறைந்த வெறும் அறையில் குரல் எதிரொலிக்கும், துணிகளும் பாயும் தலையணையும் உள்ள அறையில் தெளிவாகக் கேட்கும். போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, கொஞ்சம் பக்கவாட்டில் பிடியுங்கள். தொடக்கத்திலேயே "தரம் 4, கணிதம், மூன்றாம் பாடம்" என்று சொல்லிவிடுங்கள். அனுப்புவதற்கு முன் ஒருமுறை முழுதாகக் கேட்டுப் பாருங்கள்.

படி 4: ஒரு படம்

வெள்ளைத் தாளில் மார்க்கர் பேனையால் பெரிதாக எழுதி, யன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம்.

பாடநூல் பக்கம் தேவை என்றால், கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் தமிழ் மொழிமூலப் பாடநூல்களை இலவசமாக இறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடங்கள் உண்டு. முழுப் புத்தகத்தையும் அனுப்பாமல், வேண்டிய பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்.

படி 5: யாருக்கு, எப்படி அனுப்புவது

உடனே குரூப் தொடங்கிவிடாதீர்கள். குரூப்பில் ஒருவரின் இலக்கம் மற்ற எல்லோருக்கும் தெரியும். தாய்மாரின் இலக்கங்கள் முன்பின் தெரியாதவர் கையில் போவதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. சில வீடுகளில் அதனாலேயே பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அதற்குப் பதிலாக பிராட்காஸ்ட் லிஸ்ட்டைப் பயன்படுத்துங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஒவ்வொருவருக்கும் தனிச் செய்தியாகவே போகும். ஒரு நிபந்தனை: உங்கள் இலக்கத்தை அவர்கள் தங்கள் போனில் சேமித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் செய்தி போகாது. முதல் வகுப்பிலேயே ஒவ்வொரு பெற்றோரின் போனையும் வாங்கி, அவர்கள் முன்னாலேயே சேமித்துக் கொடுத்துவிடுங்கள்.

பட்டன் போன் வீடுகளை விட்டுவிடக் கூடாது. அவற்றில் பலவற்றில் எம்பி3 பாடும், ஸ்மார்ட் போனில் பதிந்த வேறு வகைக் கோப்புகள் பாடாமல் போகலாம். பதிவை எம்பி3 ஆக மாற்றி, மெமரி காட்டில் போட்டுக் கொடுங்கள். அதுவும் முடியாவிட்டால், பதிவு கிடைத்த பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்திருந்து கேட்க ஏற்பாடு செய்யலாம். இரண்டு பேர் சேர்ந்து தாள் மடித்தால் பேச்சும் நடக்கும், பாடமும் நன்றாகப் பதியும்.

படி 6: பதிலை வாங்குங்கள்

கொப்பியைப் படம் எடுத்தோ, குரலில் சொல்லியோ அனுப்பச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் குரல்தான் சுகம். பதில் அனுப்பிய ஒவ்வொரு பிள்ளைக்கும் பெயர் சொல்லி அரை நிமிடம் பேசுங்கள்: சரியாகச் செய்தது ஒன்று, திருத்த வேண்டியது ஒன்று. நேரம் பிடிக்கும் வேலைதான். ஆனால் டீச்சர் தன் பெயரைச் சொல்லிப் பேசியதை அந்தப் பிள்ளை வீட்டில் எல்லோருக்கும் போட்டுக் காட்டும், அடுத்த பாடத்துக்குக் காத்திருக்கும். பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களை, பெற்றோரைக் கேட்காமல் பேஸ்புக்கில் போடாதீர்கள்.

இரண்டு பாடத்துக்குப் பதில் வராவிட்டால் கோல் எடுத்துப் பேசுங்கள். போன் பழுதாகியிருக்கும், டேட்டா முடிந்திருக்கும், அல்லது அறுவடைக்குக் குடும்பத்தோடு வயல் வாடிக்குப் போயிருப்பார்கள். காரணம் தெரிந்ததும் முதல் படியில் தொடங்கிய கொப்பியில் குறித்துவிட்டு, தவறிய பாடங்களை அந்தப் பிள்ளைக்குத் தனியாக அனுப்புங்கள்.