தென்னையில் கருந்தலைப் புழு: ஒட்டுண்ணி விட நேரம் பார்ப்பது எப்படி?

கோடையில் தென்னையின் அடிமட்டைகள் தீயில் கருகினது மாதிரி காய்ந்து, குருத்துப் பக்கம் மட்டும் பச்சையாக நின்றால் தண்ணீர் போதவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். ஒரு மட்டையை வெட்டி இறக்கி ஓலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நூலும் எச்சமும் கலந்து நீளமாக ஒட்டியிருக்கும் கூட்டைக் கிழித்தால் உள்ளே கருந்தலையோடு பச்சையும் பழுப்புமாக ஒரு புழு நெளியும். பச்சையத்தைச் சுரண்டித் தின்பது அதுதான்.

இதன் அந்துப்பூச்சி சாம்பல் வெள்ளை நிறத்தில் சின்னதாக இருக்கும், இந்தப் பூச்சியால் ஓலைக்கு ஒரு கெடுதலும் இல்லை. பழைய கூடுகளின் பக்கத்திலேயே ஒரு பூச்சி நூற்றுக்கு மேல் முட்டை வைக்கும். சுமார் 5 நாளில் பொரிந்து, ஏறக்குறைய 40 நாள் புழுவாகத் தின்று, அதே கூட்டுக்குள் 12 நாள் போலக் கூட்டுப்புழுவாகக் கிடந்து, அப்புறம் பூச்சியாக வெளியே வரும். ஆக ஒரு சுற்றுக்கு இரண்டு மாதம்.

இந்தக் கணக்குத்தான் முக்கியம். புழுவை ஒழிக்கத் தோப்பில் விடும் ஒட்டுண்ணி பெத்திலிட் என்கிற சின்னக் குளவி. அது புழுவைக் கொட்டி அசையாமல் ஆக்கி அதன் மேலேயே முட்டை வைக்கும், குஞ்சுகளைக் கூடவே இருந்து காவலும் காக்கும். ஆனால் இதை விட வேண்டியது புழு இரண்டாம், மூன்றாம் பருவத்தில், அதாவது இன்னும் சின்னதாக இருக்கும்போது. கூடுகளில் எல்லாம் கூட்டுப்புழுவாகவே கிடந்தால் பெத்திலிட் வாங்குவது வீண். அதற்கு யூலோபிட் என்ற வேறு ஒட்டுண்ணி இருக்கிறது. அதனால் பல மரங்களில் கூட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு அப்புறம் கேளுங்கள். பொள்ளாச்சி பக்கத்தவர்களுக்கு ஆழியாறு தென்னை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மற்றவர்கள் வேளாண் துறையில் விசாரிக்கலாம்.

ஹெக்டேருக்கு 3000, ஏக்கருக்கு சுமார் 1200 குளவிகள் தேவை. கொண்டையில் விடவே கூடாது, அங்கே சிலந்தியும் கொலைகார நாவாய்ப்பூச்சியும் பிடித்துத் தின்றுவிடும். மரத்தடியில் விடுங்கள். ஒட்டுண்ணி விட்ட தோப்பில் பூச்சிமருந்து அடித்தால் குளவிதான் முதலில் சாகும்.

கோடை தொடங்கும்போதே முழுக்கக் காய்ந்த அடிமட்டைகளை மட்டும் வெட்டித் தோப்பிலேயே எரித்துவிடுங்கள். பச்சை மட்டையில் கை வைத்தால் காய்ப்புக் குறையும். கீற்று முடைய என்று வெட்டிய மட்டையை வெளியே கொடுத்தால் புழுவும் கூடவே போகும்.

காய்ந்த ஓலை திரும்பப் பச்சையாகாது, அதை வைத்துப் பலனை அளக்காதீர்கள். இரண்டு மாதம் கழித்து மேல்மட்டைகளில் புதுக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் புழுவின் பருவம் பார்த்து மறுபடியும் விடுங்கள்.