மூன்ஃபேஸ் வாட்ச்: மொட்டைமாடியில் நின்று நிலாவைத் திருப்பாதீர்கள்

புதிதாக மூன்ஃபேஸ் வாட்ச், அதாவது வளர்பிறை தேய்பிறையை டயலில் காட்டும் வாட்ச், வாங்குபவர்கள், நாங்களெல்லாம் தொடக்கத்தில் செய்த அதே தவறுகளை இன்றும் செய்துகொண்டிருக்கிறார்கள். கீழே போடக்கூடாது, காந்தத்துக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதெல்லாம் தெரிந்ததே. அவற்றை விட்டுவிடுகிறேன்.

சூரியனும் நிலாவும் சுற்றினால் அது மூன்ஃபேஸ் அல்ல

அது பகல், இரவு காட்டும் தட்டு. 24 மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும்.

‘மூன்வாட்ச்’ என்ற பெயரை நம்பி வாங்குவது

ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல் நிலாவுக்குப் போய் வந்த வாட்ச். அதன் டயலில் நிலா கிடையாது.

ராத்திரியில் புஷரை அமுக்குவது

வாட்சின் பக்கவாட்டில் சிறு குழிக்குள் இருக்கும், நிலாவை நகர்த்தும் பொத்தான்தான் புஷர். எனக்கு இன்னும் கோபம் வரும் தவறு இதுதான். ஏனென்றால் தவிர்ப்பது அவ்வளவு சுலபம், விலையோ அவ்வளவு பெரிது.

டயலுக்கு அடியில் 24 மணி நேரத்துக்கு ஒரு தடவை சுற்றும் சக்கரம் ஒன்று இருக்கிறது. அதில் நீட்டிக்கொண்டிருக்கும் விரல், நள்ளிரவை ஒட்டி நிலாத்தட்டின் பல்லைப் பிடித்து ஒரு பல் தள்ளும். சட்டென்று தள்ளாது, பல மணி நேரம் பல்லோடு கோத்துக்கொண்டே நகரும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து புஷரை அமுக்கினால் இரண்டு விசை ஒரே பல்லில் மோதும். பல் வளையும், இல்லை விரல் முறியும். பொதுவாக இரவு 8 மணியிலிருந்து காலை 4 மணி வரை கை வைக்கக்கூடாது என்பார்கள். உங்கள் வாட்சின் கையேடு இன்னும் நீண்ட நேரம் சொன்னால் அதுதான் கணக்கு.

ஆனால் நிலாவைச் சரிசெய்ய ஆசை வருவது எப்போது? பௌர்ணமி இரவில், மொட்டைமாடியில். என்னிடம் வந்த ஓர் இளைஞர் அப்படித்தான் செய்திருந்தார். ராத்திரி பத்தரை மணி. புஷர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தியிருக்கிறார். ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன்பிறகு நிலா ஒவ்வொரு பல்லாக நிற்காமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. முள்ளைக் கழற்றி, டயலைத் தூக்கிப் பார்த்தால், உடைந்த பல்லின் துணுக்கு தேதிச் சக்கரத்துக்குள் கிடந்தது. பல் உடைந்த அந்த நிலாத்தட்டு வெளிக்கடையில் கிடைக்காது. கம்பெனிக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருந்தார். பில் தொகையில் நல்ல வாட்ச் ஒன்று வாங்கியிருக்கலாம்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சுவர்க் கடிகாரம் காட்டும் மணி முக்கியமில்லை, வாட்சுக்குள் ஓடும் மணிதான் முக்கியம். நின்றுபோன வாட்ச் 11.40 காட்டினால் அது பகலா இரவா என்று வெளியே தெரியாது. சாவியை (பக்கவாட்டுக் குமிழை) இழுத்து முள்ளை முன்னோக்கியே திருப்புங்கள். தேதி மாறும் இடம் நள்ளிரவு. அங்கிருந்து காலை 6 மணிக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். இப்போது இன்றைய தேதியையும் நிலாவையும் வையுங்கள். பிறகு முன்னோக்கியே திருப்பி இப்போதைய மணிக்கு வாருங்கள். இரவு ஒன்பது மணிக்குக்கூட இந்த வழியில் பயமில்லாமல் செய்யலாம்.

காலண்டரில் தவறான பௌர்ணமியைப் பார்ப்பது

நிலாத்தட்டை முதலில் முழு நிலா நடுவில் நிற்கும்படி வைத்து, பௌர்ணமி கழிந்து எத்தனை நாளோ அத்தனை தடவை அமுக்குவதுதான் வழக்கம். அந்தப் பௌர்ணமி எந்த நாள் என்பதில்தான் சறுக்குகிறார்கள். நிலா முழுமையடைவது பௌர்ணமி திதி முடியும் நிமிடத்தில். விரதத்துக்கும் கிரிவலத்துக்கும் குறித்த நாள் சில மாதங்களில் அதற்கு முந்தைய நாளாக இருக்கும். திதி முடிவைத் திருக்கணிதப் பஞ்சாங்கத்தில் பாருங்கள். வாக்கியப் பஞ்சாங்கத்தின் நேரம் சில மணி தள்ளிப்போகும்.

122 ஆண்டுக் கணக்குக்காகப் பணம் கொட்டுவது

சாதாரண நிலாத்தட்டில் 59 பல், இரண்டு நிலா. ஒரு நிலாவுக்கு 29.5 நாள். வானத்து நிலாவுக்குச் சராசரியாக 29 நாள் 12 மணி 44 நிமிடம். அந்த 44 நிமிடம் சேர்ந்து சேர்ந்து சுமார் 2 ஆண்டு 7 மாதத்தில் ஒரு நாள் பிசகும். 135 பல் சக்கரம் வைத்தவை 122 ஆண்டுக்கு ஒரு நாள்தான் தவறும். அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனால் அலமாரியில் கிடந்து மூன்றே நாளில் நின்றுபோகும் வாட்சுக்கு அந்தத் துல்லியம் எதற்கு? தினமும் கட்டுபவர் தாராளமாக வாங்கலாம்.

புஷரை ஊக்கால் குத்துவது

பெட்டியோடு வரும் குச்சியை மட்டும் பயன்படுத்துங்கள்.

பழைய வாட்சில் புஷர் குழியைப் பார்க்காமல் வாங்குவது

பூதக்கண்ணாடியில் பாருங்கள். குழியின் ஓரத்தில் மெல்லிய கீறல்கள் வட்டமாக இருந்தால், முந்தைய சொந்தக்காரர் ஊக்கோ காம்பஸ் முனையோ வைத்துக் குத்தியிருக்கிறார். அப்படிப்பட்டவர் மணி பார்த்து அமுக்கியிருப்பார் என்று நான் நம்பமாட்டேன். விற்பவர் எதிரிலேயே முள்ளை முன்னோக்கித் திருப்பி இரண்டு நள்ளிரவைத் தாண்டச் சொல்லுங்கள். இரண்டு தடவையும் நிலா ஒரே அளவு நகர்ந்து அசையாமல் நிற்க வேண்டும். நகராவிட்டாலோ தளர்ந்து ஆடினாலோ, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.