ஆஃபர் லெட்டரில் 6 லட்சம், கையில் எவ்வளவு? ஈஈஈ முடித்தவர்களுக்கு ஒரு கணக்கு

காரைக்குடியில் ஈஈஈ (மின், மின்னணுப் பொறியியல்) முடித்து, சென்னை வேலைக்குக் கையெழுத்துப் போட்ட அன்று 6 லட்சத்தை 12-ஆல் வகுத்து "மாசம் அம்பதாயிரம்" என்று வீட்டில் சொல்லிவிட்டேன். அக்கவுன்ட்டில் விழுந்தது 38,500 சொச்சம். "மிச்சத்த என்னடா பண்ணுன?" என்றார் அம்மா. இப்போது பக்கத்து வீட்டுத் தம்பிக்குச் சென்னை ஒன்று, துபாய் ஒன்று என இரண்டு ஆஃபர். அவனுக்குப் போட்டுக் கொடுத்த கணக்கு இது.

படி 1. ஒரு குயர் நோட்டு எடுங்கள். ஊருக்கு ஒரு பக்கம். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் பற்று. தேவகோட்டையில் கணக்கப்பிள்ளையாக இருந்த எங்க ஐயா பேரேட்டை இப்படித்தான் எழுதுவார். ஆன்லைன் சம்பளக் கால்குலேட்டர்கள் எனக்குப் பிடிக்காது. உங்கள் லெட்டரின் கடைசித் தாளில் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது.

படி 2. நான் வழுக்கி விழுந்த இடம், சம்பளத்தைப் பிரித்துக் காட்டும் அந்தக் கடைசித் தாள்தான். என்னுடையதில் மாதத்துக்கு பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 20,000. நிறுவனம் கட்டும் பி.எஃப். 12 சதவீதம், 2,400. கிராஜுவிட்டி (பணிக்கொடை) 4.81 சதவீதம், 962. இன்ஷூரன்ஸ் 500. 'வேரியபிள் பே' 5,000. பேசிக் போக மற்ற நான்கும் சிடிசிக்குள் (நமக்காக நிறுவனம் செலவிடும் மொத்தத் தொகை, என் 6 லட்சம்) அடக்கம், ஆனால் மாதச் சம்பளத்தில் வராது. ஆக 50,000-ல் அவை போக, கிராஸ் (பிடித்தத்துக்கு முந்தைய மாதச் சம்பளம்) 41,138. அதிலும் நம் பங்கு பி.எஃப். 2,400, தொழில்வரி மாதக் கணக்கில் 208 போனால் 38,530. பி.எஃப். நம் பணம்தான், பின்னால் வரும். கிராஜுவிட்டிக்கு 5 வருஷம் உட்கார வேண்டும். அதற்குள் எத்தனை பேர் கம்பெனி மாறுகிறோம்!

படி 3. ஊர் மாறினால் என்ன மாறும் என்று பார்க்க மத்திய அரசுச் சம்பளம்தான் சுத்தமான உதாரணம். எஸ்எஸ்சி (மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம்) தேர்வு எழுதிச் சேரும் ஜேஇ (ஜூனியர் இன்ஜினியர்) எலக்ட்ரிக்கலுக்கு, 7-வது ஊதியக்குழுப்படி, தொடக்க அடிப்படைச் சம்பளம் எங்கே போட்டாலும் 35,400. வீட்டு வாடகைப்படி மட்டும் சென்னையில் 30 சதவீதம், 10,620. மதுரை, திருச்சியில் 20, அதாவது 7,080. காரைக்குடியில் 10, வெறும் 3,540. பயணப்படியும் சென்னையில் 3,600, காரைக்குடியில் 1,800; அதன்மேல் அகவிலைப்படி. காரைக்குடியைவிடச் சென்னைக்கு வாடகைப்படியில் கூடுதலாக வரும் 7,080-ல் வளசரவாக்கத்தில் தனி வீடு பிடித்துக் காட்டுங்கள் பார்ப்போம். சொந்த வீட்டில் ஆத்தா கையால் சாப்பிட்டுக்கொண்டே அந்த 3,540-ஐ வாங்கலாம்.

படி 4. துபாய்ப் பக்கம். வருமான வரி இல்லை, பி.எஃப்.பும் இல்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பேசிக். மொத்தம் 5,000 திர்ஹாம் என்று போட்டு, பேசிக்கை 2,500 ஆக்கிவிடுவார்கள். முதல் 5 வருஷத்துக்கு, வருஷத்துக்கு 21 நாள் பேசிக்தான் கிராஜுவிட்டி. ஆக 3,500 வர வேண்டிய இடத்தில் 1,750. டிகிரி அட்டெஸ்டேஷன் (சான்றிதழைச் சரிபார்த்து முத்திரை வாங்குவது) செலவு, தங்குமிடம், லீவு டிக்கெட் யார் பொறுப்பு என்றும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: வேரியபிள் எப்போது வரும் என்று பின்னூட்டத்தில் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். எனக்கு வருஷக் கடைசியில், அதுவும் முக்கால்வாசிதான் வந்தது. ஹெச்ஆரிடம் போனில் கேட்காதீர்கள், மெயிலில் கேளுங்கள். பதில் வரும்வரை நோட்டில் அந்த வரிக்கு நேரே பூஜ்யம் போட்டு வையுங்கள்.