நேற்று ராத்திரி எங்கே தூங்கினீங்க?

கலிஃபோர்னியாவில் ஒரு கிளினிக். பத்தொன்பது வயதுப் பையன் ஆஸ்துமா இன்ஹேலருக்காக வந்திருக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். படிவத்தில் ‘நீங்கள் வீடற்றவரா?’ என்று ஒரு கேள்வி. ‘இல்லை’ என்று டிக் அடித்துவிட்டுப் போய் உட்கார்ந்துவிடுவான். அவன் பொய் சொல்லவில்லை. வீடற்றவர் என்றால் பாலத்தடியில் கூடாரம் போட்டிருப்பவர் என்பது அவன் நினைப்பு. இவனோ மூன்று வாரமாக நண்பர்கள் வீட்டு சோஃபாக்களில் மாறி மாறிப் படுக்கிறான்.

வீடில்லாத இளைஞர்களை மருத்துவத் திட்டங்கள் வழியாக வீட்டில் சேர்க்கும் வேலை பெரும்பாலும் சறுக்குவது அந்த ஒற்றைக் கேள்வியில்தான். கிளினிக்கில் வேலை பார்க்கும் நீங்கள் ‘நேற்று ராத்திரி எங்கே தூங்கினீங்க? இன்னும் எத்தனை நாள் அங்கே இருக்க விடுவாங்க?’ என்று கேட்டுப் பாருங்கள், விஷயம் வெளியே வரும்.

நாள் கணக்கைக் கேட்கக் காரணம் உண்டு. அமெரிக்க மத்திய வீட்டுவசதித் துறையைப் பொறுத்தவரை தெரு, கார், காப்பகத்தில் படுப்பவர் வீடற்றவர். சோஃபாவில் படுப்பவர் பொதுவாக இல்லை. ஆனால் 14 நாளுக்குள் வெளியேற வேண்டும், போக வேறு இடமில்லை, கையில் வழியுமில்லை என்றால் அவரும் சேர்த்திதான். ஏழைகளுக்கான கலிஃபோர்னியா அரசின் மருத்துவக் காப்பீடான மெடி-காலின் கணக்கு வேறு. சிக்கலான தேவை உள்ளவர்களுக்கு உதவிகளை ஒருங்கிணைத்துத் தரும் அதன் மேம்பட்ட பராமரிப்புத் திட்டம் (Enhanced Care Management), 21 வயதுக்குட்பட்டவர் வீட்டை இழந்து அடுத்தவர் வீட்டில் ஒண்டியிருந்தாலே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே ஓர் இடத்தில் ‘தகுதி இல்லை’ என்றார்கள் என்று ஃபைலை மூடிவிடாதீர்கள்.

தெருவிலோ காப்பகத்திலோ இருந்தவர் மனநல மருத்துவமனையிலோ போதை மீட்பு மையத்திலோ சேர்ந்தால் அந்தத் தகுதி போய்விடும் என்று சிலர் நினைக்கிறார்கள். 90 நாள் வரை போகாது. டிஸ்சார்ஜ் அன்றைக்கு வீடு தேட ஆரம்பிப்பதுதான் தவறு.

அடுத்த தவறு, மெடி-கால் வாடகை கட்டிவிடும் என்று அவசரப்பட்டு வாக்குக் கொடுப்பது. 2022-இல் தொடங்கிய, மெடி-காலின் கால்-எய்ம் (CalAIM) சீர்திருத்தத்தில் வீடு தேடித் தருவது, அட்வான்ஸ், குடிபோன பிறகு வீட்டுக்காரரோடு தகராறு வராமல் பார்த்துக்கொள்வது ஆகியவற்றுக்குப் பணம் உண்டு. மாதாமாதம் வாடகை என்பது வேறு கதை. தற்காலிக வாடகை சமீபத்தில்தான் வந்தது. அதுவும் ஆறு மாதம் வரைதான், எல்லோருக்கும் இல்லை. மெடி-காலில் பையன் சேர்ந்திருக்கும் காப்பீட்டுத் திட்டம் எதைத் தருகிறது என்று விசாரித்த பிறகு வாயைத் திறப்பது நல்லது.

பலரும் கேட்க மறப்பது: ‘ஃபாஸ்டர் கேரில் இருந்தீங்களா?’ அதாவது, பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்டு அரசின் பொறுப்பில் வளர்ந்தீர்களா என்று. 18 வயதில் அரசுப் பராமரிப்பில் இருந்தவருக்கு, எவ்வளவு சம்பாதித்தாலும் 26 வயது வரை மெடி-கால் உண்டு. பராமரிப்பில் இருந்துவிட்டு வெளியே வந்து வீடில்லாமல் தவிக்கும் இளைஞர்களுக்கு 36 மாத வாடகை வவுச்சர் ஒன்றும் இருக்கிறது. அது குழந்தைகள் நலத்துறையின் பரிந்துரை மூலம் வருவது, 25-ஆவது பிறந்தநாளுக்கு முன் காரியம் முடிய வேண்டும். இருபத்துநாலே முக்கால் வயதில் விண்ணப்பத்தைத் தேடினால் என்ன செய்வது?

முகவரி இல்லாததால் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று திருப்பி அனுப்புவதும் தவறு. நிரந்தர முகவரி தேவையில்லை. சிக்கல் புதுப்பிக்கும்போதுதான் வரும். கடிதம் பழைய வீட்டுக்குப் போகும், பதில் வராது, காப்பீடு நின்றுவிடும். கடிதம் எங்கே வரலாம், அதை யார் எடுத்துப் பார்ப்பார்கள் என்று முதல் நாளே பேசி முடித்துவிடுங்கள். வீடில்லாதவருக்குக் கலிஃபோர்னியாவில் பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் இலவசம். வீடு காலியாகும் நாளில் இவற்றுக்காக அலைந்தால் வீடு அடுத்தவருக்குப் போய்விடும்.

அப்புறம், அந்த ஃபோன் நம்பர் பட்டியல். பன்னிரண்டு நம்பர் அச்சடித்த தாளைக் கையில் கொடுத்து ‘கூப்பிட்டுப் பாருங்க’ என்று அனுப்புவதை உதவி என்று நானும் ஒரு காலத்தில் நம்பினேன். அந்தப் பையனின் ஃபோனில் சார்ஜ் ஆறு சதவீதம். மறுமுனையில் இருபது நிமிஷம் பாட்டு ஓடும். கிளினிக் மேஜையில் இருக்கும் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, சார்ஜரையும் நீட்டிவிட்டு நீங்களே கூப்பிடுங்கள்.